ஆராய்ச்சியும் அளவுகோலும்



மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிற் குளத்திற்கு அருகே ஒரு சிறு சந்தில் வாழ்ந்து வருபவன் நான். முப்பத்துநான்கு ஆண்டுகள் பள்ளி ஆசிரியனாக இருந்து, அவற்றுள் கடைசிப் பதினோராண்டுகள் தலைமையாசிரியப் பொறுப்பையும் வகித்து, ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற ஆசிரியன் வீட்டுக்குப் பழைய மாணவர்கள் வருவது பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காகவே: ஒன்று, திருமண அழைப்பிதழ் கொடுக்க, மற்றொன்று, நன்னடத்தைச் சான்றிதழில் கையொப்பம் வாங்க. இவ்விரண்டும் அல்லாத ஒரு காரியத்துக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் வந்தாள். மேனிலைப் பள்ளியில் என்னிடம் இயற்பியல் பயின்றவள். இப்பொழுது மனித மூளையைக் கணக்கினால் ஆராயும் துறையிலே முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தாள்.

"சார், மூன்று வருஷ உழைப்பு ஒரு கட்டுரையாக வந்திருக்கிறது. அதை மூன்றாகப் பிரித்து மூன்று பத்திரிகைகளுக்கு அனுப்பு என்று கூட இருப்பவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். பிரித்தால் எண்ணிக்கை கூடும். வேலைக்கு மனுப் போட்டால் முதலில் எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்களாம். ஆனால் பிரித்தால் எதுவும் முழுசாய் நிற்காது. நான் என்ன செய்யட்டும், சார்?" என்று கேட்டாள்.

நான் உடனே விடை கூறவில்லை, கூறவும் இயலவில்லை. அவள் துறையும் எனக்குத் தெரியாது. அவர்கள் பேசும் கணக்கும் எனக்குத் தெரியாது. கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குச் சில மாதங்கள் போய் வந்தேன். அங்கே படித்தறிந்தவற்றுள் உங்களுக்குப் பயன்படக் கூடியவற்றை இன்று சொல்லலாமென்று எண்ணுகிறேன். கல்லூரியில் கால் வைத்திருக்கும் உங்களுள் பலரும் இன்னும் சில ஆண்டுகளில் இதே வினாவை எதிர்கொள்ளப் போகின்றவர்கள்தாமே!

முதலில் அவளுடைய துறையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான பிற அணுக்களோடு தொடர்பு கொண்டது. இத்தகைய காட்டை நுண்ணோக்கியால் மட்டும் பார்த்து அறிந்துவிட முடியாது. ஆகவே, அணு ஒன்றின் நடத்தையைச் சமன்பாடாக எழுதி, அத்தகைய அணுக்கள் பல சேர்ந்தால் என்ன நிகழும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள். இதற்கு வழிகாட்டியவர்கள் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் ஆங்கில விஞ்ஞானிகள் இருவர். கணவாய் என்னும் கடல்வாழ் உயிரின் தடித்த நரம்பிழையில் மின் துடிப்பு எவ்வாறு ஓடுகிறது என்பதை 1952ஆம் ஆண்டிலே அவர்கள் சமன்பாடுகளாக எழுதினர். அந்தச் சமன்பாடுகளை ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்கிடும் பொறியை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்து தீர்த்தார். 1963இல் அவ்விருவர்க்கும் நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால் 'கணிப்பீட்டு நரம்பியல்' என்னும் பெயர் வழக்குக்கு வந்தது 1985க்குப் பிறகுதான். அவ்வாண்டு கலிபோர்னியாவில் கார்மெல் என்னுமிடத்தில் எரிக் ஷ்வார்ட்ஸ் என்பவர் கூட்டிய மாநாட்டில் அப்பெயர் சூட்டப்பெற்றது. பெயர் பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பொருள் பிறந்துவிட்டது!

இத்துறை நம் ஊரிலும் உண்டு. அடையாற்றுக்குப் பக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலே, பேராசிரியர் வி. சீனிவாச சக்கரவர்த்தி என்பவரும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகளாக இவ்வகை ஆராய்ச்சி செய்து வந்திருக்கின்றனர். மூளையின் அடிப்பகுதியில் சில நரம்பு முடிச்சுகள் உள்ளன. பார்க்கின்சன் நோய் என்னும் நடுக்குவாதத்தில் பழுதுபடுவது இப்பகுதியே. இங்கே இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று 'செல்' என்று ஆணையிடுகிறது, மற்றொன்று 'நில்' என்று தடுக்கிறது என்பது பழைய கொள்கை. சக்கரவர்த்தியின் குழுவினர் இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று உண்டு என்று தங்கள் கணக்கினால் காட்ட முயன்றனர். அது 'தேடு' என்பது.

இதனை எளிதில் விளக்கலாம். பங்குனி மாதத்து அறுபத்துமூவர் விழாக் கூட்டத்தில் தாயின் கையை விட்டுவிட்ட ஒரு சிறுவனை நினைத்துக்கொள்ளுங்கள். தாயின் புடவை கண்ணில் பட்டால் அவன் நேரே ஓடுவான், அது 'செல்'. எதிரே தேர் வந்தால் நின்றுவிடுவான், அது 'நில்'. இரண்டும் இல்லாதபோது என்ன செய்வான்? இப்புறம் நாலடி, அப்புறம் நாலடி என்று ஒழுங்கின்றி அலைவான். பார்க்கிறவனுக்கு அது பயனற்ற அலைச்சலாகத் தோன்றும். ஆயினும் அந்த அலைச்சல் இல்லையேல் தாயைக் காண்பது ஏது? மூளைக்குள்ளும் இத்தகைய ஒழுங்கற்ற துடிப்பு ஒன்று தேடுதலுக்குக் காரணமாகலாம் என்பதே அவர்கள் கருத்து. 2006ஆம் ஆண்டு முதல் இதுபற்றிக் கட்டுரைகள் வெளிவந்திருக்கின்றன. இவரே மூளையைப் பற்றிப் பொதுவாசகர்க்கும் புரியும்படி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி 2019இல் வெளியிட்டார். இந்திய மொழிகள் பலவற்றை எழுதக்கூடிய 'பாரதி' என்னும் ஒரு பொது எழுத்து முறையையும் வகுத்தார். அந்த எழுத்து முறை நமக்கு வேண்டுமா, வேண்டாவா என்பது வேறு வழக்கு. தமிழாசிரியர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள், ஆதலால் அதற்குள் நான் புகவில்லை. நான் கேட்பது இதுதான். ஆராய்ச்சிக் கட்டுரை, பொதுநூல், எழுத்து முறை, பயிற்றுவித்த மாணவர்கள் ஆகிய இவ்வளவையும் செய்த ஒருவருடைய உழைப்பை ஒரே எண்ணாகச் சுருக்க முடியுமா?

சுருக்கலாம் என்று உலகம் இன்று சொல்கிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

ஒருவர் எழுதியதைப் பின்வந்தவர் எடுத்துக் காட்டுதல் நமக்குப் புதிதன்று. 'என்ப', 'என்மனார்' என்று தமக்கு முன்னோரைச் சுட்டிக்கொண்டுதான் தொல்காப்பியரே இலக்கணம் சொல்கிறார். உரையாசிரியர்களோ மேற்கோள்களின் களஞ்சியம். நன்னூலுக்கு உரை கண்ட மயிலைநாதர் பெயரிலேயே எங்கள் மயிலை இருக்கிறது. அவர் உரையிலும், யாப்பருங்கல விருத்தியிலும், அடியார்க்குநல்லார் உரையிலும் எத்தனை எத்தனை நூல்களின் பெயர்கள்! அவற்றுட் பல இன்று இல்லை. உரையாசிரியர் எடுத்தாண்ட சில வரிகளால் மட்டுமே அந்நூல்கள் இருந்தன என்று அறிகிறோம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தபோது இந்த மேற்கோள்களைத் தேடித் தொகுத்துத்தான் பாடங்களை ஒப்பிட்டார். பெசன்ட் நகரில் அவர் பெயரால் விளங்கும் நூலகத்துக்குப் போனால் அவருடைய குறிப்புகளின் பெருக்கத்தைக் காணலாம். மேற்கோள் என்பது நம் முன்னோர்க்கு நன்றி, சான்று, சில வேளை மறுப்பு. எண்ணிக்கையாக மட்டும் இருந்ததில்லை.

எண்ணலாம் என்று கண்டவர் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தவரான யூஜின் கார்பீல்ட். வழக்கறிஞர்கள் ஒரு தீர்ப்பைப் பிற்காலத்து எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துக்கொண்டன என்று காட்டும் அட்டவணை வைத்திருந்தார்கள். நம் உயர்நீதிமன்ற வழக்கறிஞர்களும் இவ்வகை ஏடுகளை அறிவர். இதே முறையில் விஞ்ஞானக் கட்டுரைகளுக்கும் ஓர் அட்டவணை செய்யலாமென்று 1955இல் கார்பீல்ட் எழுதினார். 1964இல் அது வெளிவரத் தொடங்கிற்று. அவர் முதலில் நினைத்தது நூல் தேடும் வசதியைத்தான். ஒரு கட்டுரையைப் படித்தவன், அதற்குப் பின் அப்பொருளைப் பற்றி யார் எழுதினர் என்று அறிய வேண்டும். தவறென்று யாரேனும் காட்டியிருந்தால் அதுவும் தெரிய வேண்டும். ஆசிரியர்களை வரிசைப்படுத்துவது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இங்கே நம்மவர் ஒருவரையும் சொல்லவேண்டும். சீர்காழியிலே 1892இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த ஒரு கூட்டத்தில், நூலகப் பணிக்கும் புள்ளியியல் முறையால் ஓர் அளவை இயல் வேண்டும் என்று கூறினார். 'லைப்ரமெட்ரி' என்று அதற்குப் பெயரும் இட்டார். கணித ஆசிரியர் அல்லவா? ஆனால் அவர் அளக்க விரும்பியது நூலகம் வாசகனுக்கு எவ்வளவு பயன்படுகிறது என்பதை. வாசகனுடைய தகுதியை அன்று.

இப்பொழுது வழங்கும் எண்ணுக்கு எச்-குறியெண் என்று பெயர். கலிபோர்னியாவில் பணியாற்றிய இயற்பியலறிஞர் ஹிர்ஷ் என்பவர் 2005ஆம் ஆண்டு இதனை வகுத்தார். வகுப்பறையில் கரும்பலகை இருந்தால் அரை நிமிடத்தில் விளக்கிவிடுவேன்; வானொலியில் காதாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஓர் ஆராய்ச்சியாளர் ஏழு கட்டுரைகள் எழுதியிருக்கிறார். பிறர் அவற்றை முறையே நாற்பது, இருபத்திரண்டு, ஒன்பது, ஆறு, ஐந்து, மூன்று, ஒன்று என்னும் தடவைகள் மேற்கோளாக எடுத்திருக்கின்றனர். ஐந்து தடவையேனும் எடுக்கப்பெற்ற கட்டுரைகள் எத்தனை? ஐந்து. ஆறு தடவையேனும் எடுக்கப்பெற்றவை ஆறு உண்டா? இல்லை, நான்கே. ஆகவே அவருடைய குறியெண் ஐந்து. இன்னொருவர் ஆறு சிறு கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆறு மேற்கோள் பெற்றால் அவர் எண் ஆறு. மூன்றாமவர் இரண்டே கட்டுரைகள் எழுதினார். ஒவ்வொன்றையும் இரண்டாயிரம் பேர் எடுத்தாண்டனர். அவருடைய எண் இரண்டு! கணக்கில் பிழையில்லை. ஆயினும் மூன்றாமவரைக் கடைசியில் நிறுத்தும் வரிசையை நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

நான் சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது, தேர்வைப் பற்றிய பாடத்தில் இரண்டு சொற்களை மனத்தில் பதியவைத்தார்கள். ஒன்று நம்பகம், மற்றொன்று ஏற்புடைமை. எத்தனை முறை அளந்தாலும் ஒரே விடை வந்தால் அளவுகோலுக்கு நம்பகம் உண்டு. அளக்க நினைத்த பொருளையே அது அளந்தால் ஏற்புடைமை உண்டு. மாணவனுடைய உயரத்தைக் கொண்டு அவனுடைய கணித அறிவை அளந்தால் நம்பகம் முழுமையாக இருக்கும். நாள்தோறும் அதே உயரம்தான். ஏற்புடைமையோ கடுகளவும் இராது. மேற்கோள் எண்ணிக்கைக்கு நம்பகம் ஓரளவு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓரளவு என்பது ஏனெனில், ஒரே அறிஞருக்கு ஓர் அட்டவணை ஓர் எண்ணும், வேறோர் அட்டவணை வேறோர் எண்ணும் காட்டும். ஒவ்வொன்றும் சேர்த்துக்கொள்ளும் பத்திரிகைகள் வேறு. ஏற்புடைமையில்தான் பெருஞ்சிக்கல்.

சிக்கலுக்கு முதற் சான்று, உலகத்திலேயே மிகுதியாக மேற்கோள் பெற்ற கட்டுரை. அது எதுவாயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஐன்ஸ்டைனுடையதா? மரபணுவின் இரட்டைச் சுருளைக் கண்ட 1953ஆம் ஆண்டுக் கட்டுரையா? இரண்டுமல்ல. ஒரு கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று கண்டறியும் முறையை 1951இல் லௌரி என்பவரும் அவர் துணைவரும் எழுதிய கட்டுரையே அது. 2014இல் 'நேச்சர்' பத்திரிகை கணக்கெடுத்தபோது அதற்கு மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள் இருந்தன. இரட்டைச் சுருள் கட்டுரையோ முதல் நூற்றினுள்ளும் வரவில்லை. லௌரியின் முறை பயனுடையது. அதனைப் பயன்படுத்தியவர் ஒவ்வொருவரும் பெயர் சொன்னார்கள். சமையற்கட்டில் தராசுக்கு உள்ள மதிப்பு அதற்கு உண்டு. ஆயினும் தராசு செய்தவனையே தலைசிறந்த சமையற்காரன் என்று யாரும் கூறுவதில்லை.

இரண்டாவது சான்று நமக்கு நெருங்கியது. ஜி. என். ராமச்சந்திரன் 1952இல், தம் முப்பதாவது வயதில், சென்னைப் பல்கலைக்கழகத்து இயற்பியல் துறைக்குப் பேராசிரியராக வந்தார். கிண்டியில் அவருடைய ஆய்வுக்கூடம். பக்கத்திலேயே அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையம். தோலுக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு அக்காலத்தில் யாருக்கும் விளங்காத புதிர். கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து ஆராய்ந்து, அது மூன்று இழைகள் முறுக்கிய அமைப்பு என்று 1954இல் அவர் எழுதினார். வெளிநாட்டு அறிஞர்கள் அதில் குறை கண்டார்கள். அணுக்கள் அவ்வளவு நெருக்கமாக அமைய இயலாது என்றார்கள். ராமச்சந்திரன் சினந்து மறுமொழி எழுதிவிட்டு ஓய்ந்துவிடவில்லை. அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கலாம் என்னும் கேள்வியையே அடிப்படையிலிருந்து எடுத்துக்கொண்டு, சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் என்னும் இருவருடன் கணக்கிட்டார். 1963ஆம் ஆண்டு, ஐந்தே பக்கமுள்ள ஒரு கட்டுரையாக அக்கணக்கு வெளிவந்தது. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம், எவற்றில் மடங்கலாகாது என்று காட்டும் வரைபடம் அதிலிருந்து பிறந்தது. இன்று எந்த நாட்டில் எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அது சரியா என்று சோதிக்க 'ராமச்சந்திரன் வரைபடம்' போட்டுப் பார்க்கிறார்கள்.

இனித்தான் வேடிக்கை. அந்தப் படத்தைப் போடுகின்ற பெரும்பாலோர் 1963ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோளாகக் குறிப்பதில்லை. குறிக்கத் தேவையில்லாத அளவுக்கு அது பாடப்புத்தகப் பொருளாகிவிட்டது. நியூட்டன் விதியைச் சொல்கிறவன் நியூட்டனுடைய நூலின் பக்க எண்ணைக் கொடுக்கிறானா? ஆக, ஓர் உண்மை மிகப் பெரிதாகிவிட்டால் அதன் மேற்கோள் குறைகிறது! அவரே 1971இல் லட்சுமிநாராயணன் என்பவருடன் எழுதிய கட்டுரை ஒன்று, எக்ஸ்-கதிர்ப் படங்கள் பலவற்றிலிருந்து உள்ளுறுப்பின் முழு உருவத்தை மீட்கும் கணக்கு முறையைத் தந்தது. மருத்துவமனையில் தலையைப் படம் பிடிக்கும் சி.டி. பொறிகளின் பின்னால் இவ்வகைக் கணக்குகள் வேலை செய்கின்றன. படம் எடுத்துக்கொண்டு வெளியே வரும் நோயாளி யாரையும் மேற்கோள் காட்டுவதில்லை.

மூன்றாவது சான்று என் மாணவியின் துறையிலேயே உள்ளது. டேவிட் மார் என்னும் இங்கிலாந்து இளைஞர் 1969, 1970, 1971 ஆகிய ஆண்டுகளில் மூளையின் மூன்று பகுதிகளைப் பற்றி மூன்று பெருங்கட்டுரைகள் எழுதினார். முதற் கட்டுரை வந்தபோது அவருக்கு வயது இருபத்துநான்கு. சிறுமூளை எவ்வாறு உடலசைவுகளைப் பழகிக்கொள்கிறது என்பது அதன் பொருள். சில நரம்பிணைப்புகள் பயிற்சியால் வலுப்பெறும் என்று அவர் கணித்துச் சொன்னார். 1971இல் ஆல்பஸ் என்பவர், வலுப்பெறா, வலுக் குன்றும் என்று திருத்தினார். 1982இல் ஜப்பானியரான மசாவோ இட்டோ சோதித்துப் பார்த்து, குன்றுவதே உண்மை என்று கண்டார். அதற்குள் மார் இல்லை. 1980இல், முப்பத்தைந்து வயதில், இரத்தப் புற்றுநோயால் இறந்துபோனார். பார்வை பற்றிய அவருடைய நூலும் 1982இல்தான் வெளிவந்தது. அவர் கூறியவற்றுள் ஒரு பகுதி தவறு. எனினும், எந்த இணைப்பைச் சோதிக்க வேண்டும் என்று காட்டியவர் அவரே. அவர் எழுதியவை மிகச் சில. பெயர் சொல்லாமல் எண்களை மட்டும் கொண்டுபோய் வைத்தால், இக்காலத்துத் தேர்வுக்குழு ஒன்று அவரை நேர்முகத்துக்கும் அழைத்திராது என்பது என் துணிபு.

ஆராய்ச்சியின் பயன் கட்டுரையாகவே வரவேண்டும் என்பதும் இல்லை. ஐ.ஐ.டி. வளாகத்தில் 2022இல் தொடங்கப்பெற்ற சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆராய்ச்சி மையத்தார், கருவிலுள்ள குழந்தையின் மூளையை மெல்லிய தகடுகளாகச் சீவி, 5,132 படங்களாகப் பதிவு செய்து, 'தரணி' என்னும் பெயரில் 2024 டிசம்பரில் உலகத்தார் எவரும் பார்க்கும்படி வெளியிட்டனர். அப்படங்களை வைத்து இன்னும் பல ஆண்டுகள் பலர் ஆராய்வார்கள். சீவியவர்களுடைய பொறுமைக்கு எந்த அட்டவணையில் இடம்?

நிற்க. எண்களைக் குறை கூறுவது எளிது. எண்களை நாடுபவர்களின் நிலையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஓர் இடத்துக்கு முந்நூறு விண்ணப்பங்கள் வந்தால், முந்நூறு பேருடைய கட்டுரைகளையும் குழுவினர் படிக்க முடியுமா? மேலும், எண்ணே இல்லாத காலத்தில் என்ன நடந்தது? இன்னாருடைய மருமகன், இன்னாருடைய சீடன் என்பதே தகுதியாக இருந்ததை நானும் அறிவேன். யாரையும் அறியாத ஓர் ஏழை மாணவனுக்கு, 'என் கட்டுரையை இத்தனை பேர் பயன்படுத்தியிருக்கின்றனர்' என்று காட்ட ஓர் எண் துணையாகலாம். ஆகவே எண்ணை எறிந்துவிடு என்று நான் சொல்லவில்லை. எண்ணைக் கண்டதும் படிப்பதை நிறுத்திவிடுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

எண்ணுக்குப் பரிசு என்று அறிவித்தால் எண் பெருகும், அது இயல்பு. பல்கலைக்கழக மானியக் குழு 2010ஆம் ஆண்டு விதிகளில் கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குக் கட்டுரைகளுக்கு இத்தனை புள்ளி என்று வகுத்தது. அதன் பிறகு, பணம் கொடுத்தால் எதையும் அச்சிடும் பத்திரிகைகள் மழைக் காளான்போல் முளைத்தன. 2018இல் அக்குழுவே தன் பட்டியலிலிருந்து 4,305 பத்திரிகைகளை நீக்க நேர்ந்தது. நண்பர்கள் சிலர் கூடி ஒருவரையொருவர் மேற்கோள் காட்டிக்கொள்வதும் உண்டு. கல்யாண வீட்டு மொய்க் கணக்குப் போல, வைத்தவர்க்குத் திருப்பி வைப்பது!

பிறரைச் சொல்லுமுன் என்னைச் சொல்லவேண்டும். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது எங்கள் பள்ளி பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டவேண்டும் என்னும் ஆசை என்னையும் பற்றியது. சுற்றுப்புறப் பள்ளிகள் வாயிலில் துணிப் பதாகை கட்டின, நாங்களும் கட்டவேண்டும். ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் பின்தங்கிய ஒரு பையனுடைய தந்தையை அழைத்து, "தனித்தேர்வனாக எழுதட்டும், அதுவே அவனுக்கு நல்லது" என்று நயமாகக் கூறி, மாற்றுச் சான்றிதழ் கொடுத்தனுப்பினேன். அவனுக்கு நல்லதன்று, என் விழுக்காட்டுக்கு நல்லது என்பது எனக்கு அப்போதே தெரியும். அவ்வாண்டு பதாகை கட்டினோம். பல ஆண்டுகளுக்குப் பின் தியாகராய நகரில், பாண்டி பஜார் துணிக்கடை ஒன்றில், புடவைகளைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று எழுந்து, "வணக்கம் சார்" என்றார். அவன்தான். தேர்வு எழுதினாயா என்று கேட்க எனக்கு நா எழவில்லை. என் மனைவிக்கு அவன் தள்ளுபடியும் வாங்கிக் கொடுத்தான்.

மாணவி மறுபடி வந்தபோது இந்தக் கதையைத்தான் முதலில் அவளிடம் சொன்னேன். மார், ராமச்சந்திரன் ஆகியோரைப் பற்றிப் பிறகு சொன்னேன். "பிரிக்கவோ, சேர்க்கவோ நான் சொல்ல மாட்டேன் அம்மா. உன் கட்டுரையை மூன்றாக்கினால் மூன்றாவது துண்டைப் படிக்கிறவனுக்கு முதல் இரண்டும் இல்லாமல் புரியுமா என்று மட்டும் பார்" என்றேன். வேலை கிடைக்காமற் போனால் என்ன செய்வது என்று அவள் கேட்டாள். அதற்கு என்னிடம் விடை இல்லை என்பதையும் மறைக்கவில்லை. அவள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும்; தந்தைக்கு ஓய்வூதியமில்லாத வேலை, தம்பி கல்லூரியில். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் நேர்மையைப் பற்றிப் பேசுவது மலிவான காரியம்.

அவள் கட்டுரையைப் பிரிக்கவில்லை. அவள் விரும்பிய முதலிடத்தில் வேலையும் கிடைக்கவில்லை. ஓராண்டு கழித்து வேறோர் ஊரில் தற்காலிகப் பணி ஒன்று அமைந்தது. கட்டுரை வெளிவந்த பின் இதுவரை நான்கு மேற்கோள்கள் வந்திருக்கின்றன. சென்ற தை மாதம் பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது நான்காவதைக் கொண்டுவந்து காட்டினாள். எங்கோ ஜெர்மனியில் ஒருவர், இவளுடைய கட்டுரையை எடுத்துக்கொண்டு, ஏழாவது சமன்பாட்டில் காலத்தாமதத்தைச் சேர்க்கத் தவறிவிட்டார் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். அட்டவணையில் இதுவும் ஒன்று என்றே ஏறியிருக்கிறது. புகழ்ந்தவர் ஒன்று, இகழ்ந்தவர் ஒன்று. "சார், இந்த ஒருத்தர்தான் முழுசாகப் படித்திருக்கிறார்" என்றாள். அவர் சொல்வது சரியா என்று கேட்டேன். பாதி சரி என்றாள். என்னுடைய பழைய மேசையிலிருந்து தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள், விளக்கு வைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. மற்றப் பாதியை அவருக்கு எழுதப்போவதாகச் சொல்லிவிட்டு, இரவு ரயிலுக்குப் புறப்பட்டாள்.